கடைசி நாற்பது முழம்

கடலைப் பற்றிப் பேச வந்தால் நம்மவர்கள் உடனே நடுக்கடலுக்குப் போய்விடுகிறார்கள். 1025இல் சோழரின் கப்பல்கள் கடாரம் போனதைச் சொல்வார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்ததைச் சொல்வார்கள். இவை சொல்லப்பட வேண்டிய கதைகள்தாம். ஆனால் ஒரு சிறிய பாய்வள்ளம் தன் ஆயுளில் கடலில் கழிக்கும் நேரத்தைவிடக் கரையில் கழிக்கும் நேரமே அதிகம். துறைமுகமில்லாத கரையில் மீனோடு திரும்பி வந்தவனுக்கு வேலை அத்தோடு முடிவதில்லை. அலை தொடாத உயரத்துக்கு வள்ளத்தை ஏற்ற வேண்டும். அலைவாயிலிருந்து அந்த இடம்வரை ஒரு நாற்பது முழம் மணலோ கல்லோ கிடக்கும். அந்த நாற்பது முழத்தை எதைக்கொண்டு கடந்தார்கள், யார் இழுத்தார்கள் என்று நமது வரலாற்றுப் புத்தகங்களில் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை.

நாங்களும் இதைத் தேடித் திரிந்தவர்கள் அல்லர். எங்கள் தலையில் ஒரு வள்ளம் வந்து விழுந்தபோதுதான் தேட வேண்டி வந்தது.

நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு பட்டினத்து உணவகத்தின் சமையலறையில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் மயிலிட்டியைச் சேர்ந்தவர், ஐம்பதைக் கடந்தவர். அண்ணை என்றுதான் அழைப்போம். மற்ற இருவரும் முப்பதுகளில் இருப்பவர்கள், தோட்டக்காரக் குடும்பங்களில் பிறந்தவர்கள். இருவரில் ஒருவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, இரண்டாம் வருடத்தோடு விட்டவன். கடலுக்கு நாலு மைல் தள்ளிப் பிறந்தும், நாட்டை விட்டு வெளிக்கிடும்வரை ஒரு வள்ளத்தில் கைவைத்திராதவர்கள் நாங்கள் இருவரும்.

உணவகத்துக்கு வழக்கமாக வரும் முதியவர் ஒருவர், இனித் தன்னால் கடலுக்குப் போக முடியாது என்று சொல்லித் தன்னுடைய மரவள்ளத்தை எங்களுக்குத் தந்தார். ஐந்து மீற்றர் நீளம், ஒரு பாய், நாலு துடுப்பு. காசு வேண்டாம் என்றார். ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: ஒவ்வொரு வருடமும் இலையுதிர்காலப் புயல்கள் தொடங்குமுன் வள்ளத்தைக் கரையேற்ற வேண்டும், தண்ணீரில் கிடந்து சாக விடக்கூடாது. படகுத்துறையில் பாரந்தூக்கி இருந்தது. அதற்கு அவர்கள் கேட்ட தொகையைப் பார்த்துவிட்டு, நாங்களே இழுத்து ஏற்றுவதென்று முடிவெடுத்தோம். 250 கிலோ, மூன்று ஆண்கள், என்ன பெரிய வேலை என்று நினைத்தோம்.

*

முதல் திங்கட்கிழமை, உணவகம் பூட்டியிருக்கும் நாள். கட்டட வேலை நடந்த இடமொன்றில் மிச்சமாய்க் கிடந்த பிளாஸ்ரிக் வடிகால் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து மூன்றாக அறுத்து, வள்ளத்தின் கீழே உருளைகளாகப் போட்டோம். மணலாக இருந்திருந்தால் ஒருவேளை தாக்குப் பிடித்திருக்கும். அது கல்லுக்கரை. கல்லின் விளிம்பில் ஏறியதும் முதலாவது குழாய் நசிந்து தட்டையாயிற்று. இரண்டாவது, சரிவில் பக்கவாட்டாக ஓடித் தண்ணீருக்குள் விழுந்தது. உருளை எப்போதும் தன் அச்சுக்குச் செங்குத்தாகவே ஓடும். அது கொஞ்சம் கோணிவிட்டால் வள்ளமும் கோணும். எட்டு முழம் ஏறிய வள்ளம் எங்கள் கையிலிருந்து நழுவிப் பின்னோக்கிப் போய், அடிப்பலகையொன்று வெடித்தது.

அதுவரை அண்ணை எதுவும் பேசவில்லை. வெடித்த பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பியவை, இழுக்கிறது பெரிய வேலையில்லை. இழுத்ததைப் பின்னுக்குப் போகவிடாமல் வைச்சிருக்கிறதுதான் வேலை. ஆர் அடை வைக்கிறதெண்டு முதலிலை முடிவெடுங்கோ."

அடை என்றால் முட்டுக்கட்டை. வள்ளம் ஒரு முழம் ஏறினால் அதன் பின்னே உடனே ஓர் ஆப்பைச் செருக வேண்டும். இழுப்பவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் வள்ளத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவது அந்தக் கட்டைதான். தங்கள் கரையில் அந்த வேலையைச் சின்னப்பெடியனுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்றார். கண்ணும் கையும் ஒன்றாய் ஓடும் ஒருவரிடம்தான் கொடுப்பார்கள். மற்றவர்கள் வள்ளத்தைப் பார்த்து இழுக்க, அவர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

மயிலிட்டியில் இதற்கெல்லாம் என்ன பாவித்தீர்கள் என்று அன்றிரவு கேட்டோம். ஒன்பது வருடங்களாக ஒரே சமையலறையில் நிற்கிறோம், அதுவரை அவரிடம் அப்படியொரு கேள்வி கேட்டதில்லை. பனங்குத்தி, பச்சைத் தென்னை மட்டை, வடம், கப்பி, காவுதடி என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினார். விடியப்புறம் இரண்டு மணிவரை சொன்னார்.

*

அடுத்த கிழமை அந்த முதியவரின் பழைய வள்ளக்கொட்டிலைப் போய்ப் பார்த்தோம். இந்நாட்டுக் கரையோரம் முழுவதும் இத்தகைய கொட்டில்கள் உண்டு. 'நௌஸ்ட்' என்பார்கள். கடலைப் பார்த்த வாசல், மண்தரை, மேலே கூரை. தரைக்குச் சீமெந்து போடாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. மரவள்ளம் முற்றாகக் காய்ந்துவிட்டால் பலகைகள் சுருங்கி மூட்டுகள் வாய் பிளந்துவிடும். மண்ணின் ஈரம் அதைத் தடுக்கிறது. கரை வள்ளத்தைக் காப்பாற்றும், ஆனால் அளவுக்கு மிஞ்சி அங்கேயே வைத்திருந்தால் கரையே அதைக் கொன்றும்விடும் என்பது எங்களுக்கு அன்று கிடைத்த இரண்டாவது பாடம்.

கொட்டிலின் வாசலிலிருந்து தண்ணீர்வரை, கற்களை அகற்றிய ஒரு பாதை. அதற்குக் குறுக்கே, அரை மீற்றருக்கு ஒன்றாக, மரத்தடிகள் பதித்திருந்தன. பார்வைக்கு ஓர் ஏணியைப் படுக்க வைத்ததுபோல இருந்தது. இத்தடிகளை 'லுன்னர்' என்கிறார்கள். இவை உருள்வதில்லை, அசையாமல் கிடக்கின்றன. வள்ளத்தின் ஏராக்கட்டை அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று தடிகளிலாவது பாரம் தங்கும்படி இடைவெளி வைத்தால் வள்ளம் தலைகுத்தாது, கோணாது. ஏராவின் அடியில் தேய்வதற்கென்றே ஒரு மேலதிக மரச்சட்டத்தை அறைந்திருந்தார்கள். தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், வள்ளத்துக்குச் சேதமில்லை.

இந்தச் சொல் மிகப் பழையது. வைக்கிங் காலத்து மொழியில் இதன் மூத்த வடிவம் 'ஹ்லுன்'. அக்காலக் கவிஞர்கள் கப்பலுக்குப் பல பட்டப்பெயர்கள் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று, இழுவைத்தடியின் குதிரை என்பது. கப்பலை அலையின்மேல் ஓடும் குதிரையாகப் பார்ப்பது எல்லாக் கடல் மக்களுக்கும் பொதுவாக இருக்கலாம். அதைக் கரையேற்றும் தடியோடு சேர்த்துப் பார்த்தவர்கள் கட்டாயம் அதை இழுத்த தோள்களை அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். நம்மிடமும் இதற்குக் கிட்டிய ஒன்று உண்டு. பட்டினப்பாலையில், உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் குதிரைகளைக் கட்டி வைத்ததுபோல வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கின்றன. அதிலும் படகு நிற்கும் இடம் கரைதான்.

மரம் அரிதான ஐஸ்லாந்தில் திமிங்கிலத்தின் விலா எலும்புகளை இழுவைத்தடிகளாகப் பதித்தார்கள். எங்கள் கரையில் பனையும் தென்னையும் அந்த வேலையைச் செய்தன. கரை எதைக் கொடுத்ததோ அதுவே கருவியாயிற்று. இந்தக் கருவிகளை ஒருவரும் கடையில் வாங்கவில்லை. வாங்காத பொருளுக்குக் கணக்கில்லை. கணக்கில்லாததால் ஏட்டிலும் இல்லை.

*

வள்ளம் இழுத்த கதை வரலாற்றில் முற்றாகவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அரசன் கட்டளையிட்டால் அது வரலாறாகிவிடுகிறது.

1098இல் நோர்வே மன்னன் மக்னுஸ் ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளைத் தனதாக்கிக் கொண்டான். கப்பலில் சுற்றிவரக்கூடிய தீவெல்லாம் அவனுக்கு என்பது உடன்பாடு. கின்ரயர் ஒரு தீவல்ல, ஓர் ஒடுங்கிய நிலத்தால் பெருநிலத்தோடு ஒட்டிய குடா. மக்னுஸ் ஒரு கப்பலை அந்த நிலத்தின் குறுக்கே இழுக்கச் செய்து, தான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அதில் அமர்ந்திருந்தான் என்று பழைய நோர்ஸ் வரலாற்றுக் கதைகள் கூறுகின்றன. இப்படியாக நிலம் தீவாயிற்று. 1453 ஏப்ரலில் ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் மெஹ்மெட், கொன்ஸ்தாந்திநோபிளின் வாசற்கடலில் கட்டியிருந்த சங்கிலியைத் தவிர்ப்பதற்காக, ஏறத்தாழ எழுபது கப்பல்களைக் கொழுப்புத் தடவிய மரத்தடிகளின்மேல் மேடேற்றி மறுபக்கக் கடலில் இறக்கினான். மே மாத இறுதியில் நகரம் வீழ்ந்தது.

இரண்டு கதைகளிலும் அரசனின் பெயர் நிற்கிறது. இழுத்தவர்கள் யார்? தடி வெட்டியவர் யார், கொழுப்பு உருக்கியவர் யார், அடை வைத்தவர் யார்? பல்கலைக்கழகத்தில் நாங்கள் எழுதிய விடைத்தாள்களில் 1453 பல தடவை வந்திருக்கிறது. இந்தக் கேள்வியை ஒருமுறைகூட எழுதியதில்லை.

*

இழுப்பவர்களை மையத்தில் வைத்துப் பார்த்தால் படகுகளின் வரலாறே வேறுவிதமாகத் தெரிகிறது. துறைமுகமில்லாத கரையில் படகு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது கடல் மட்டுமன்று. கரையில் எத்தனை கைகள் கிடைக்கும் என்பதும் தீர்மானித்தது.

நோர்வேக் கரையின் மிகச் சிறிய வள்ளத்துக்கு 'ஃபேரிங்' என்று பெயர். நாலு துடுப்பு என்பதுதான் பொருள். 1880இல் கொக்ஸ்தாத் என்னுமிடத்தில் மண்மேட்டைத் தோண்டி எடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலோடு மூன்று சிறு வள்ளங்களும் கிடைத்தன. அவற்றில் சிறியது ஆறரை மீற்றர். ஒஸ்லோவின் அருங்காட்சியகம் புதுக் கட்டட வேலைக்காக 2022இல் மூடப்படுமுன் நாங்கள் போய்ப் பார்த்திருக்கிறோம். பெரிய கப்பலைப் பார்க்கவே சனம் நெரிந்தது. எங்கள் முதியவரின் வள்ளத்தை ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்திய அந்தச் சிறியதற்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்பார்கள். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேலொன்று விளிம்பேற்றி ஆணியடித்த, பாரங்குறைந்த உடல். அப்பனும் மகனும் இரண்டு பேராகத் தங்கள் துறையில் ஏற்றலாம். வேறொருவரிடமும் கைமாற்றுக் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் கட்டுமரம் இதே கேள்விக்கு இன்னொரு விடை. கட்டிய மரம் என்பது பெயர், ஆனால் அதன் சூட்சுமம் அவிழ்ப்பதில் இருக்கிறது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது படகில்லை, சில மரக்கட்டைகள். இரண்டு பேர் காவுதடியில் ஒவ்வொன்றாய்த் தூக்கிப்போய் வெயிலில் காயவைப்பார்கள். உருளையும் வேண்டாம், கப்பியும் வேண்டாம். 1690களில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி எழுதிய பயணநூலில் இந்தச் சொல் இடம்பெற்றது. இன்று இந்தப் பட்டினத்துப் படகுத்துறையில் பணக்காரரின் இரட்டை உடல் உல்லாசப் படகுகளுக்கு அதுதான் பெயர். அண்ணையிடம் இதைச் சொன்னபோது, "பேரை எடுத்துப் போட்டினம், அவிழ்க்கிறதை விட்டுட்டினம்" என்றார்.

சென்னைக் கரையின் மசுலாப் படகும் அப்படித்தான். அங்கே அலை மிகக் கடுமை. 1860களின் தொடக்கத்தில் இறங்குபாலம் வரும்வரை கப்பல்கள் தூரத்தில் நிற்க, ஆட்களும் சரக்கும் மசுலாவில்தான் கரைக்கு வந்தார்கள். அதன் பலகைகளை ஆணியால் அறையவில்லை, கயிற்றால் தைத்திருந்தார்கள். கரையில் மோதும்போது ஆணியடித்த படகு உடையும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். பின்னர் கட்டிய துறைமுகத்தின் அலைதாங்கிகளை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தது. தைத்த படகுகளின் பாடத்தைப் பொறியியலாளர்கள் அதற்குமுன் கேட்டிருப்பார்களோ தெரியாது.

ஆனால் படகு பெரிதாகும்போது கதை மாறுகிறது. பெரிய படகுக்குப் பல கைகள் வேண்டும், பல கைகள் வேண்டுமென்றால் அவற்றைக் கூட்டும் ஒருவன் வேண்டும். எங்கள் கரைவலைச் சம்மாட்டிமார் அந்த இடத்திலிருந்துதான் எழுந்தார்கள். தோணியும் வலையும் அவருடையவை. பாடு என்று சொல்லப்பட்ட கரைத்துண்டில் வலை வளைக்கும் உரிமை அவர் கையில். இழுப்பவர்களுக்குப் பங்கு, முற்பணம், அந்த முற்பணத்தோடு வரும் கட்டுப்பாடு. அம்பாப் பாடல்களின் அழகைப் பற்றி நம் ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். பாடிக்கொண்டு இழுத்தவர்களின் கடனைப் பற்றி எழுதியவர் குறைவு.

நோர்வேயிலும் இதுவே நடந்தது. லொஃபோத்தன் தீவுகளில் கரையை உடைமையாகக் கொண்டிருந்தவர்கள், மீனவர் தங்கும் குடிசைக்கும் படகு ஏற்றும் இடத்துக்கும் அதிபதிகளாக இருந்தார்கள். 1816இல் வந்த சட்டம் கரையோடு சேர்த்து முன்னாலுள்ள கடலின் நிர்வாகத்தையும் அவர்கள் கையில் கொடுத்தது. 1857இல் வந்த இன்னொரு சட்டம்தான் கடலை மீனவனுக்குத் திருப்பிக் கொடுத்தது. பிடித்த மீனுக்கு விலை தீர்மானிக்கும் உரிமை 1938இல்தான் மீனவரின் அமைப்புகளுக்குக் கிடைத்தது. கடல் பொதுவாக இருந்தாலென்ன, ஏற ஒரு கரை இல்லாதவன் கரைக்காரனின் ஆள்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தில் கடலோர மக்களைச் சாதிப்பெயரால் கரையார் என்றோம். அந்தப் பெயரில் கடல் இல்லை, கரைதான் இருக்கிறது. அவர்களுடைய அறிவு எங்கே கூர்மையாக இருந்ததோ அந்த இடத்தின் பெயர். நாங்கள் இருவரும் பிறந்த வீடுகளில் அந்தச் சொல்லை எந்தத் தொனியில் உச்சரித்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மீன் வாங்கக் கரைக்குப் போனோம், பேரம் பேசினோம், திரும்பினோம். அந்த வள்ளம் எப்படி மேலே வந்தது என்று கேட்கவேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. வரலாறு எழுதியவர்களும் பெரும்பாலும் எங்கள் வீடுகளிலிருந்தே வந்தார்கள்.

*

1950களின் இறுதியிலிருந்து இலங்கை அரசு மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை மீனவருக்குக் கொடுக்கத் தொடங்கியது. தூரக் கடலுக்குப் போகலாம், மீனும் கூட. ஆனால் அவற்றை மணலில் ஏற்ற முடியாது. அவற்றுக்குத் துறைமுகமோ அமைதியான தரிப்பிடமோ வேண்டும். மயிலிட்டி போன்ற துறைகள் வளர்ந்ததன் ஒரு காரணம் இது.

நோர்வேக்கும் எங்கள் கரைக்கும் உள்ள உறவும் அக்காலத்ததே. 1956இல் இந்நாட்டுக்கு வந்த அந்தோனி ராஜேந்திரம் இங்கே மீன்பிடித் தொழிலைக் கற்றார். அவரும் நோர்வே நண்பர்களும் சேர்ந்து 1967இல் தொடங்கியதுதான் சீநோர். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. பின்னர் பரவிய சிறிய பைபர் படகு நாலைந்து பேர் சேர்ந்தால் மணலில் ஏறக்கூடியதாக இருந்தது, ஆகவே கரைகளில் அது நிலைத்தது. 1979இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் சுவீடனின் உதவியோடு சென்னையில் நிறுவிய வங்காள விரிகுடாத் திட்டமும், மணலில் ஏறும் படகுகளை வடிவமைக்கும்போது இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. படகு தரை தட்டும்போது விசிறி மேலே தூக்கிக்கொள்ளும்படி இயந்திரத்தைச் சாய்த்துவைக்கும் ஓர் ஏற்பாட்டை அவர்கள் உருவாக்கினார்கள். பொறியியலாளர்களும் ஈற்றில் அந்த நாற்பது முழத்தையே பார்க்க வேண்டியிருந்தது.

துறைமுகத்துக்கு ஒரு பலவீனமுண்டு. அதை ஒரு வேலியால் பூட்டிவிடலாம். 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. துறைமுகமும் சுற்றியுள்ள நிலத்தின் ஒரு பகுதியும் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தன. இருபத்தேழு வருடம். இடையில் அவர்கள் மற்றவர்களின் கரைகளில், மற்றவர்களின் அனுமதியோடு, ஏற்றி இறக்கக்கூடிய சின்னப் படகுகளுக்குத் திரும்பினார்கள். பத்தொன்பது வயதில் இடம்பெயர்ந்த அண்ணையும் அவர்களில் ஒருவர். தகப்பன் இயந்திரப்படகுக்காரர். பனங்குத்தி வைத்து ஏற்றும் வித்தையைத் தகப்பனிடமன்று, பேரனாரிடம்தான் கற்றிருந்தார். விளையாட்டாகக் கற்றது சோறு போட்டது.

கரையிலிருக்கும் படகுக்கும் பலவீனமுண்டு. இங்கிலாந்தின் டீல் நகரக் கரையில் துறைமுகமில்லை. கூழாங்கற் கரையில் சுழல்தண்டுகளை நட்டு, தடவிய கட்டைகளின்மேல் படகுகளை இழுத்து ஏற்றினார்கள். அவர்கள் கடத்தல் செய்கிறார்கள் என்பதற்காக, 1780களில் பிரதமர் வில்லியம் பிற் ஒரு ஜனவரி மாதத்தில் படையை அனுப்பினார். கடும் குளிர்காலமாதலால் படகுகள் யாவும் கரையில் கிடந்தன. அவ்வளவையும் எரித்தார்கள். கடலில் ஓடும் படகைப் பிடிக்கக் கப்பற்படை வேண்டும், கரையில் கிடக்கும் படகுக்கு ஒரு தீப்பந்தம் போதும். 1984இல் எங்கள் வடகடல் தடைசெய்யப்பட்ட வலயமானபின், கரைகளில் காய்ந்து வாய் பிளந்து கிடந்த வள்ளங்களைக் கண்டவர்களுக்கு டீல் நகரம் தூரமாக இராது.

*

எங்கள் வள்ளத்துக்கு வருவோம். உருளைகளை விட்டுவிட்டுப் படுக்கையேணி கட்டினோம். சமையலறைக்குப் பொருட்கள் வரும் மரத்தட்டுகளை உடைத்து நீளச் சட்டங்கள், பட்டுப்போன பேர்ச் மரத்தை வெட்டிக் குறுக்குத்தடிகள். வழுக்குவதற்கு உணவகத்தின் பழைய பொரித்த எண்ணெயைக் கொண்டுபோனோம். முதியவர் கோபித்தார். எண்ணெய் கடலுக்குப் போகும், அந்தா கிடக்கிற கடற்சாதாளையைப் போடுங்கள் என்றார். ஈரச் சாதாளை எண்ணெயைவிட நன்றாக வழுக்கியது. அண்ணை சிரித்தார். "எங்கடை தென்னைமட்டையும் இதுதானே, காசில்லாத எண்ணெய்."

இழுப்பதற்குச் சுழல்தண்டு செய்தோம். மின்கம்பி சுற்றிவந்த மர உருளையொன்று தெருவேலைக்காரர் தந்தது. இருபது சென்ரிமீற்றர் குறுக்களவு. அதை நிமிர்த்தி ஒரு சட்டகத்தில் பூட்டி, பாறையிலிருந்த பழைய இரும்பு வளையத்தோடு சங்கிலியால் கட்டினோம். ஒரு மீற்றர் நீளத் தடிகள் இரண்டைக் குறுக்கே செருகினோம். தடியின் நுனியில் பத்துக் கிலோ தள்ளினால் வடத்தில் நூறு கிலோ இழுவை, உராய்வில் கொஞ்சம் போகும். ஒரு முழுச் சுற்றுக்கு வள்ளம் 63 சென்ரிமீற்றர் நகரும். மெதுவான வேலை. ஆனால் இரண்டு பேர் பேசிக்கொண்டே செய்யலாம். மூன்றாமவர் அடை வைப்பார்.

நாற்பது முழத்தையும் ஏற்ற ஐம்பது நிமிடம் சென்றது. அடை வைத்தவர் அண்ணை. சுழல்தண்டில் நின்ற எங்களை அவர் ஒருமுறையும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கட்டை விழும் சத்தத்தை வைத்தே நாங்கள் நிறுத்தினோம், தொடங்கினோம்.

இது நடந்து நாலு வருடமாகிறது. வருடத்தில் இரண்டு முறை, ஏற்றவும் இறக்கவும், அந்த ஏணியை விரிக்கிறோம். போன வருடம் அண்ணைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அடை வைக்கும் வேலை எங்களில் ஒருவனிடம் வந்தது. கதிரையில் அமர்ந்திருந்து அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். இரண்டு முறை பிந்தினோம், இரண்டு முறையும் ஒரு சாண் இழந்தோம்.

அவர் சொன்ன சொற்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். படகின் உறுப்புகள், கயிற்று முடிச்சுகள், காற்றின் பெயர்கள், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கத்தால் ஏற்றுவது என்பது. இதுவரை நூற்றுப்பத்துச் சொற்கள். அவற்றில் பாதியை எங்களிடமுள்ள அகராதியில் காணவில்லை. மயிலிட்டியில் வேறு, குருநகரில் வேறு, முல்லைத்தீவில் வேறு, மன்னாரில் வேறாக இருக்கும் என்கிறார் அவர். போர் முடிந்தபின் வடக்குக் கிழக்குக் கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழல்பொறியால் கரைவலை இழுக்கிறார்கள், அதைப் பற்றித் தகராறுகளும் நடக்கின்றன. இனி அங்கும் இந்தச் சொற்கள் கனகாலம் தங்கா.

இந்த இதழை வாசிப்பவர்களில் கரையோரத்தவர் பலர் இருக்கிறீர்கள். பாரிஸில், ரொறன்ரோவில், லண்டனில் கோப்பை கழுவுகிறீர்கள், பாண் சுடுகிறீர்கள், சிலர் ஓய்வெடுத்துவிட்டீர்கள். உங்கள் ஊரில் வள்ளத்தை எப்படி ஏற்றினீர்கள், எத்தனை பேர், எந்த மரம், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று ஒரு தாளில் எழுதி இதழுக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழை பற்றி யோசிக்க வேண்டாம். எழுத வராவிட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதுவியுங்கள். கரையில் பிறக்காதவர்கள் பக்கத்து வீட்டு, பக்கத்து மேசைக் கரைக்காரரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்பதற்கு ஒன்பது வருடம் எடுத்தோம்.

இந்த ஒக்ரோபரில் மூன்றாவது திங்கட்கிழமை ஏற்றுவதாக இருக்கிறோம். குறுக்குத்தடிகளில் இரண்டு உக்கிவிட்டன, மாற்ற வேண்டும்.